மல்வேர்னில் முடிவு சொல்லாத ஒருவர்

ரொறன்ரோ விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். வீடு வீடாகப் போய் ஆட்களிடம் கேள்வி கேட்கிற வேலை என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "அட, எனக்கும் அதே வேலைதான். என்ன, என்னிடம் ஆட்கள் தாங்களாகவே வருகிறார்கள்" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு முழு நாள் மடக்கி வைத்திருந்த முழங்கால் என்னைச் சிரிக்க விடவில்லை.

உண்மையில் என் வேலை அதுதான். கொழும்பிலுள்ள ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்துக்கு வட மாகாணத்தில் களப் பொறுப்பாளர் நான். ஊரில் ஜனாதிபதித் தேர்தல் பிரசாரம் உச்சத்தில் நின்ற நேரத்தில் பத்து நாள் லீவு கேட்டேன். மேலதிகாரி பாகற்காயைக் கடித்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். முடிவுகளைப் பற்றி எவரிடமும் வாய் திறப்பதில்லை என்று நான் எழுதிக் கொடுத்திருப்பதையும் ஒருமுறை நினைவுபடுத்தினார். என் அண்ணனைப் பார்க்கத்தானே போகிறேன், இதில் வாய் திறக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு இரண்டு அண்ணன்மார், நான் தங்கச்சி. பெரியண்ணை சூசை யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரான பாசையூரில் படுக்கையில் கிடக்கிறார். ஈரல் போய்விட்டது. டிசம்பரில் வருகிற நத்தார்ப் பண்டிகையைப் பற்றி இப்போது பேசவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சின்னண்ணை தாசன் ரொறன்ரோவின் மல்வேர்னில் இருக்கிறார், பஸ் ஓட்டுகிறார். முப்பது வருடத்துக்கு மேலாக அவர் ஊர்ப்பக்கம் திரும்பவில்லை. அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போவதற்காகத்தான் நான் வந்தேன். தொலைபேசியில் எத்தனை முறை கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான்.

"எலெக்சன் முடியட்டும் ஜெசி. அந்தாள் வந்தா நான் அங்க காலெடுத்து வைக்கேலாது. ஏர்போர்ட்டிலயே மறிச்சுப்போடுவாங்கள். மற்றவர் வந்தாப் பாப்பம்."

அந்தாள் யார் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் பாதிப் பேர் இந்தப் பத்தியோடு வாசிப்பை நிறுத்திவிடுவார்கள், மீதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். இரண்டு பேருக்கிடையில் போட்டி, அதில் ஒருவருக்குச் சின்னண்ணை பயப்படுகிறார். அவ்வளவு தெரிந்தால் போதும்.

முதல் நாள் மச்சாள், சின்னண்ணையின் மனைவி, வேலைக்குப் போயிருந்தா. பாரைமீன் குழம்பும் புட்டும் அடுப்பில் வைத்துவிட்டுப் போயிருந்தா. குழம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மீனில்தான் சொல்லவேண்டும். எங்களூரில் விடிய வலையில் துள்ளியதை மத்தியானம் தின்கிறோம். இந்த மீன் செத்து எத்தனை மாதமோ, கல்லுப் போல உறைந்து கப்பலில் வந்திருக்கிறது. சின்னண்ணை அதை முள்ளோடு சப்பிச் சாப்பிட்டார். மீன் பிடிக்கிற வீட்டில் பிறந்தவர் அவர்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. கனடாக் கணிப்பொன்று, பதிவுசெய்த குரல். எந்தக் கட்சிக்கு வாக்களிப்பீர்கள், ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்றது. சின்னண்ணை குழம்புக் கையாலேயே கட் பண்ணினார்.

"ஏன் அண்ணை, பதில் சொன்னா என்ன?"

"உவங்களுக்கு வேற வேலை இல்லை. கிழமைக்கு நாலு தரம் அடிப்பாங்கள்."

என் தொழிலை யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. ஊரில் எங்களை யாரும் இப்படி வெட்டிவிட முடியாது, வாசல் படலையில் நேரே நிற்கிறோமே. அங்கே வேறு வித்தை இருக்கிறது. "ஐயோ பிள்ளை, வெயிலுக்க நிக்கிறியள், உள்ளுக்கு வாங்கோ" என்று கூப்பிட்டு, கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, பிஸ்கட் தந்து, என்னுடைய தாய் தகப்பன் யார் என்று விசாரித்து, படலை வரை வந்து வழியனுப்புவார்கள். தெருவுக்கு வந்து படிவத்தைப் பார்த்தால் கேள்விக்கு நேரே வெறுமையாக இருக்கும். என் கீழ் வேலை செய்கிற பெண்பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுக்கிற பாடம், தேத்தண்ணி தருகிற வீடு பதில் தராது என்பதுதான். கொழும்பு அலுவலகம் அந்த வீடுகளை 'முடிவு செய்யாதவர்கள்' என்ற நிரலில் போடும். தொலைக்காட்சியில் வருகிற வல்லுநர்கள் அந்த நிரலைப் பார்த்து, வடக்கு மக்கள் குழம்பிப் போயிருக்கிறார்கள் என்பார்கள். குழப்பமெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் படலைக்கு வந்து கேள்வி கேட்டவன் யாரென்று தெரியாமல் பதில் சொன்ன வீடுகளில் ஆள் காணாமல் போனது. அது அவர்களுக்கு மறக்கவில்லை.

இரண்டாம் நாள் சின்னண்ணை லீவு போட்டு என்னை நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மச்சாள் மீன் கட்லட்டும் ரோல்சும் கட்டித் தந்திருந்தா. நீர்வீழ்ச்சியைப் பற்றி எழுத எனக்கு வராது. ஈரமாக இருந்தது, பெரிதாக இருந்தது, பயமாக இருந்தது. மூன்றாம் நாள் யூனியன்வில்லில் பழைய வீடுகளும் ஒரு குளமும். நான்காம் நாள் மூன்று கடைகளில் கொத்துரொட்டி, எது திறம் என்று நான் தீர்ப்புச் சொல்லவேண்டுமாம். ஒவ்வொரு நாளும் நான் பெரியண்ணையின் பேச்சை எடுப்பேன். உடனே அவர், "பொறு, உனக்கு இன்னொண்டு காட்டவேணும்" என்று காரைத் திருப்புவார். மூன்றாவது கொத்துரொட்டியில் எனக்கு வெளித்தது. நான்கு நாளாக இந்த மனிதர் எனக்குத் தேத்தண்ணி தந்துகொண்டிருக்கிறார்.

இங்கே ஒரு விசயம் சொல்லவேண்டும். யுத்த காலத்தில் சின்னண்ணை நாட்டை விட்டுப் போன கிழமை, அவரைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். அவர் இல்லை. பெரியண்ணை இருந்தார். தம்பிக்குப் பதிலாகத் தமையனை ஏற்றிக்கொண்டு போனார்கள். எட்டு மாதம் கழித்து விட்டார்கள். இடதுகையில் மூன்று விரல் மடங்காது. வலை இழுக்கிற கை அது. அதற்குப் பிறகு பெரியண்ணை கடலுக்குப் போகவில்லை, மீனவர் சங்கத்தில் ஐஸ் அளந்தார். அந்த எட்டு மாதத்தைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு சொல் பேசியதில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் மாதம் ஒருமுறை தொலைபேசியில் கதைப்பார்கள். அங்க மழையோ, இங்க சினோ கொட்டுது, என்ன மீன் படுகுது. நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். மூன்று நிமிடத்தைத் தாண்டாது.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. பக்கத்து நகரமான அஜக்சில் மச்சாளின் தங்கச்சி வாங்கிய புதுவீட்டுக்கு ஆசீர்வாதம். 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. ஆறு பாதை இருந்தும் நத்தை வேகம்தான். எங்கள் ஊர் ஒற்றைப் பாதையில் மாடு குறுக்கே படுத்தால்கூட இதைவிடக் கெதியாகப் போகலாம். ஓடவும் முடியாத, இறங்கவும் முடியாத அந்த இடத்தில் சின்னண்ணை கேட்டார்.

"ஜெசி, உண்மையைச் சொல்லு. உங்கட கணக்கில ஆர் வருவினம்?"

எங்கள் கணக்கில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். யார் வருவார் என்று சொல்ல முடியாது என்றுதான் இருந்தது. வடக்கில் அந்த வெறுமை நிரல் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு நின்றது. அதைச் சொல்வதுதான் முறை. சொல்லவே கூடாது என்பது அதைவிட முறை. நான் பெரியண்ணையின் மஞ்சளான கண்ணை நினைத்தேன்.

"மற்றவர்தான் அண்ணை. தெளிவாக் கிடக்கு. அந்தாள் வராது."

"நிச்சயமோ?"

"ஓம்."

இருபது வருடத் தொழிலில் நான் ஒரு படிவத்தில்கூடப் பொய் எழுதியதில்லை. என்னிடம் வேலை செய்த ஒரு பெண், மரத்துக்குக் கீழே இருந்து ஐந்து வீட்டுப் பதிலைத் தானே நிரப்பினாள் என்று அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினவள் நான். ஒரு 'ஓம்' சொல்ல எனக்கு ஒரு வினாடிகூட எடுக்கவில்லை.

அஜக்ஸ் வீட்டில் சாமியார் தீர்த்தம் தெளித்து முடிந்து, பலகாரத் தட்டு வருகிற நேரம், சின்னண்ணை என்னைக் காட்டி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இவ கொழும்புக் கொம்பனியில எலெக்சன் போல், அதுதான் கருத்துக்கணிப்பு, எடுக்கிறவ. மற்றவர்தானாம். கணக்கில தெளிவாக் கிடக்காம்." என் வாயில் ரோல்ஸ் இருந்தது. விழுங்குவதற்குள் என்னைச் சுற்றி ஒரு கூட்டம். கைரேகைக்காரி வந்தது போல ஆளாளுக்குக் கேட்டார்கள். காணியை இப்போது விற்கலாமோ? மாமியாரை இந்த வருடம் அனுப்பலாமோ? பீற்றர் அங்கிள் என்பவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், கைப்பேசியில் எல்லாவற்றையும் ஒரு விரலால் தட்டி எழுதிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போனோம். தாளபேதமில்லாத பாட்டு, நல்ல பிரசங்கம். பூசை முடிந்து வெளியே வந்தால், அறிமுகமே இல்லாத ஒரு மனிதர் என் கையைப் பிடித்து, "உங்கட கணக்குப் பாத்தன் தங்கச்சி, அருமையான வேலை" என்றார். என்ன கணக்கு, எங்கே பார்த்தார் என்று கேட்பதற்குள் வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை சின்னண்ணையின் மகள் அபி என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பல்கலைக்கழகம் முடித்தவள், இங்கேயே பிறந்தவள். பஸ் பாதி வழியில் வேறு தெருவால் திரும்பியது. வீதி வேலையாம். சாரதி எல்லோரையும் ஒரு பெற்றோல் நிலையத்துக்கு முன்னால் இறக்கிவிட்டார். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தோழியிடம், "போகிற இடத்தைச் சொல்லி ஏற்றுகிறான், இறக்கும்போதுதான் உண்மையைச் சொல்கிறான்" என்று ஆங்கிலத்தில் திட்டிக்கொண்டிருந்தாள். ஊரில் என்றால் சாரதியைச் சுற்றி ஒரு மாநாடே கூடியிருக்கும். இங்கே எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். நாங்களும் நடந்தோம். நடக்கிறபோது அபி சொன்னாள்.

"மாமி, அப்பா போன எலெக்சனுக்கும் இதையேதான் சொன்னவர். அப்ப வேற ஒரு ஆள். அந்த ஆள் தோத்தவர். நான் ஹாப்பியா, ஓகே அப்பா, லெட்ஸ் கோ எண்டன். பார்லிமென்ட் எலெக்சன் முடியட்டும் எண்டார். ஐ வாஸ் லைக், சீரியஸ்லி?"

"இந்த முறை வருவார் பிள்ளை."

"அவருக்கு ஏர்போர்ட் பயமில்லை, மாமி. ஹி ஹாஸ் எ கனேடியன் பாஸ்போர்ட். பெரியப்பான்ட முகத்தைப் பாக்கத்தான் பயம்."

நான் நடையை நிறுத்திவிட்டேன். ஆயிரக்கணக்கான படலைகளில் நின்ற எனக்கு, என் சொந்த அண்ணனை வாசிக்கத் தெரியவில்லை. அவர் தந்த பதிலை அப்படியே எழுதிக்கொண்டு, அதற்கு ஏற்ற மாதிரி ஒரு பொய்யும் செய்துவிட்டேன். ஏரியைப் பார்த்தேன். கடல் போலத்தான் இருந்தது, உப்பு மணம் மட்டும் இல்லை. எதுவும் மனதில் பதியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை யாழ்ப்பாணத்திலிருந்து தர்சி எடுத்தாள். என் குழுவில் கெட்டிக்காரி.

"அக்கா, கனடாவில ஆரோ பெரிசா ஒரு போல் எடுத்தவையாமே?"

"எனக்குத் தெரியாதே. ஏன்?"

"இஞ்ச எல்லாற்ற போனிலயும் வந்திருக்கு. போன கிழமை வாயே திறக்காத சனம், இப்ப நான் கேக்க முந்தியே பேர் சொல்லுதுகள். எல்லாம் ஒரே பேர். கனடாக் கணக்கில வந்திட்டுதுதானே, இனி மறைச்சென்ன எண்டுதுகள். இதை எப்பிடியக்கா எழுதுறது?"

அவள் அனுப்பிய படத்தைத் திறந்தேன். இரண்டு தூண், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. மேலே சதவீதம், தசமப் புள்ளியோடு. கீழே, 'கனடா வாழ் நிபுணர்களின் ஆய்வு'. கொடியும் இருந்தது. நெரிசலில் காருக்குள் நான் சொன்ன ஒரே ஒரு பொய்க்கு யாரோ தூண் கட்டி, நிறம் பூசி, ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது என் பிள்ளைகள் தட்டுகிற படலைகளுக்கு அவர்களுக்கு முன்னால் போய் நிற்கிறது. உள்ளதை உள்ளபடி எழுது என்று தர்சிக்குச் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரம் வேலையால் வந்த சின்னண்ணை கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். அதே தூண்கள்.

"பாத்தியோ, நீ சொன்னது சரி. வேற ஒரு கொம்பனியும் எடுத்திருக்கு. இதிலயும் மற்றவர்தான்."

"ஓம் அண்ணை."

"லீவுக்குக் குடுத்திட்டன். நாளைக்கு ரிக்கற் பாப்பம்."

நல்ல செய்தி சொல்கிறவரின் முகம் அல்ல அது. சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றினார், திரும்பவும் போட்டார். இத்தனை வருடமாகச் சாய்ந்து நின்ற சுவரை இரண்டு தூண் வந்து இடித்துவிட்டது. நான் நினைத்தது நடந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வெள்ளியோ சனியோ இரண்டு பேரும் ஒன்றாக விமானம் ஏறலாம். பெரியண்ணை பார்ப்பார். ஆனால் தேர்தலில் அந்தாளே வந்து, கனடாவுக்குத் திரும்பும்போது எங்கேயாவது இவரை மறித்தால்? அபி சொல்வது போல அது நடக்காமலே போகலாம். நடக்காது என்று சொல்லத்தக்க கணக்கு என்னிடம் இல்லை. பொய்யை நம்பி வந்த அண்ணனை எந்த முகத்தோடு பார்ப்பேன்?

புதன் காலை ஏழு மணி. மச்சாள் குளித்துக்கொண்டிருந்தா. சின்னண்ணை சமையலறையில் நின்று வேலைச் சட்டையை இஸ்திரிப் பலகையில் மினுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நான் பொய் சொன்னனான்."

அவர் நிமிரவில்லை.

"கணக்கில அப்பிடி இல்லை. ஆர் வருவினம் எண்டு தெரியாது எண்டுதான் கிடக்கு. நீங்கள் காட்டின படமும் வேற கொம்பனியின்ர இல்லை. நான் சொன்னதைத்தான் ஆரோ வரைஞ்சு விட்டிருக்கினம்."

"ஏன் சொன்னனீ?"

"நீங்கள் வரவேணும் எண்டு."

அவர் சட்டையின் ஒரு கையை முழுதாக மினுக்கி, மடித்து, மற்றக் கையை எடுத்தார். இப்போது 'எலெக்சன் முடியட்டும்' என்பார் என்று நினைத்தேன். அவருடைய சுவரை நானே திருப்பிக் கட்டிக் கொடுத்துவிட்டேன். சாய்ந்துகொள்வதுதான் மிச்சம். நான் இரண்டு நாளில் தனியாகப் போகவேண்டும், பெரியண்ணையிடம் ஏதாவது சொல்லவேண்டும்.

"ஜெசி, ஒண்டு கேக்கிறன். இதுக்கும் பொய் சொல்லாத."

"கேளுங்கோ."

"அண்ணை என்னைக் கேட்டவரோ?"

எட்டு நாளில் அவர் பெரியண்ணையைப் பற்றித் தானாகக் கேட்ட முதல் கேள்வி. ஓம் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. ஒவ்வொரு நாளும் கேட்கிறார், உங்கட பேரைச் சொல்லிச் சொல்லித்தான் கிடக்கிறார் என்று சொன்னால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் பெரியண்ணை கேட்டதில்லை. வரச்சொல்லு என்று சொன்னதில்லை. கனடாவுக்குப் போகிறேன் என்று சொன்னபோதுகூட, சுவெற்றர் கொண்டு போ என்றார், அவ்வளவுதான்.

"இல்லை அண்ணை. ஒரு நாளும் கேக்கேல்லை."

அவர் மினுக்கியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்தார். சட்டையைப் போடவில்லை. வெறும் பெனியனோடு நின்று கைப்பேசியை எடுத்தார். ஊரில் அப்போது பின்னேரம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெரியண்ணைக்குக் கட்டிலால் கை நீட்டி எடுக்க நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அழைப்பை வெட்டப்போனார். நான் கையைப் பிடித்தேன்.

"ஆர்?" என்றது பெரியண்ணையின் குரல். அது குரல் போலவே இல்லை.

"நான் தாசன்."

"என்னடா இந்த நேரத்தில? அங்க சினோவே?"

"இல்லை அண்ணை. இன்னும் தொடங்கேல்லை."

மழையும் மீனும் பேசி மூன்று நிமிடத்தில் வைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். சின்னண்ணை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, நான் அங்க வரட்டோ?"

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பெரிய மூச்சு, பிறகு ஒரு இருமல், பிறகு தண்ணீர் குடிக்கிற சத்தம். சின்னண்ணை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

"உன்னை ஆரடா வரவேண்டாம் எண்டு சொன்னது?" என்றார் பெரியண்ணை.